கழுத்தளவு

கறிக்கடை மாமு உலகத்தைக் கையால் அளப்பார். வலது கையில் கத்தி இருக்கும். இடது கையை விரித்து உடம்பில் ஏதாவது ஓர் இடத்தில் குறுக்கே வைத்து, "இம்புட்டு வந்துருச்சு" என்பார். நான் நாலாவது படித்தபோது அந்தக் கை முழங்காலில் இருந்தது. அதைக் காட்ட அவர் குனிய வேண்டியிருந்தது. எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது இடுப்புக்கு வந்திருந்தது. டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போன பிறகு நெஞ்சுக்கு ஏறியது. என் அக்கா மவுத்தாகி அடக்கமான அன்று கழுத்தில் நின்றது.

அவர் அளந்தது அநியாயத்தை. கடைசிக் காலத்தில் மஹ்தி வருவார், ஈசா நபி வானத்திலிருந்து இறங்குவார், உலகம் எவ்வளவுக்கு அநியாயத்தால் நிறைந்திருந்ததோ அவ்வளவுக்கு நீதியால் நிறையும். இதை எங்கள் தெருவில் எல்லோரும் நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று தினமும் மட்டம் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

எனக்கும் மட்டம் பார்க்கிற வேலைதான். ஒட்டிய கல் மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கல்லைப் பெயர்த்து, கலவையைச் சுரண்டி, மறுபடி ஒட்ட வேண்டும். சரிசெய்வதற்குத்தான் ஒருவன் மட்டம் பார்ப்பான். மாமு பார்த்தது வேடிக்கை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. மவுத்தானவர் பெயரைச் சொன்னால் பின்னாலேயே அல்லா அவரை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. அவர் என்று எழுதுவதுகூட பழக்கத்தால்தான்.

எங்கள் தெரு வைகைக்குத் தெற்கே இருக்கிறது. தெரு பெரிய ரோட்டில் போய் முட்டுகிற முக்கில் அவர் கடை. ஆளுயரத்துக்கு ஒரு மேடை, அதன்மேல் புளியமரத்துக் கட்டை, கட்டைக்குப் பின்னால் அவர். அங்கே உட்கார்ந்தால் தெருவுக்குள் வருகிற வண்டி, வெளியே போகிற வண்டி, எவன் எவளோடு நின்று பேசுகிறான் எல்லாம் தெரியும். தெருவுக்கு அவர் மாமு. வெளியாட்களுக்குப் பாய். எங்களுக்குச் சொந்தமெல்லாம் இல்லை.

தராசுக்குப் பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்து நாள் முழுக்கச் செய்தி ஓடவிடுவார். கெட்ட செய்தி வந்தால் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். நான் பொய் சொல்லவில்லை. பஸ் வரவில்லையே என்று நிற்கிறவன் தூரத்தில் பஸ்ஸைப் பார்த்தால் ஒரு முகம் வருமே, அது.

"எங்கயோ ஒரு சின்னப் பிள்ளைய போர்வெல்லுக்குள்ள இருந்து தூக்க முடியலையாம் மாமு" என்று யாராவது சொல்வார்கள்.

"எப்படித் தூக்குவாய்ங்க? இன்னும் இருக்கு. கொன்னவனுக்கு எதுக்குக் கொன்னோம்னு தெரியாது, செத்தவனுக்கு எதுக்குச் செத்தோம்னு தெரியாது. அப்பேர்ப்பட்ட காலம் வரும்னு அன்னைக்கே சொல்லியாச்சு." கை ஏறும். "இம்புட்டு. அரைக்கிலோவா, முக்காலா?"

அந்த நல்ல காலத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் மாறும். கத்தியைக் கீழே வைத்துவிடுவார். ஒரு மாதுளம்பழம் ஒரு கூட்டத்துக்கே போதுமாம். தின்றுவிட்டு அதன் தோலை நிழலுக்குப் பிடித்துக்கொண்டு உட்காரலாமாம். ஓர் ஆட்டின் பால் ஒரு குடும்பத்துக்கே காணுமாம். சின்னப் பிள்ளை பாம்பு வாய்க்குள் கையை விடும், பாம்பு ஒன்றும் செய்யாது. ஓநாய் ஆட்டு மந்தைக்கு நாய் மாதிரிக் காவல் இருக்கும். சின்ன வயதில் இதைக் கேட்பதற்காகவே நான் கறி வாங்கப் போவேன். அந்த மாதுளம்பழத் தோலுக்குள் நானும் அக்காவும் அம்மாவும் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். எங்களைப் பெற்ற அத்தா அதற்கு முன்பே போய்விட்டார். நாலு பேருக்கு இடம் தேவைப்படவில்லை.

என் அக்காவுக்கு அவரிடம் பயமே கிடையாது. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, நிலையத்தில் கொடுத்துவிட்டு, ஒன்பது மணிவாக்கில் சாப்பிட வீட்டுக்கு வருவாள். எங்கள் தெருவில் வண்டி ஓட்டிய முதல் பெண் அவள். அதுவும் மாமுவின் கணக்கில் கடைசிக் காலத்தின் ஓர் அடையாளம்.

"மாமு, இன்னைக்கு எம்புட்டு ஏறிருக்கு?" வண்டியை நிறுத்தாமலே கேட்பாள்.

"உன்னால ஒரு வெரக்கட ஏறிருச்சு."

"அப்ப நாளைக்கு ரெண்டு தடவ போறேன். மஹ்தி சீக்கிரம் வரட்டும்."

ஒருநாள் நானும் அவளும் கடையில் நின்றபோது ஓநாய்க் கதையை ஆரம்பித்தார். அக்கா அவர் முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

"ஓநாயே ஆட்டத் தொடாதுன்னா, நீங்க எதத் தொங்கவிட்டு விப்பீங்க மாமு?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. "அன்னைக்கு எனக்கு யாவாரமே வேண்டியதில்லடி. போ."

"அது சரி. எனக்கு ஒண்ணு சொல்லுங்க. இம்புட்டும் அல்லாவுக்குத் தெரியுதுல்ல. எதுக்கு நெறையுற வரைக்கும் பாத்துக்கிட்டு இருக்கான்? பாதியிலயே நிறுத்தக் கூடாதா?"

"கொடம் நெறைஞ்சாத்தான் கவுக்க முடியும்."

"கொடத்துல ஒரு ஓட்டையப் போட்டா?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "என்னா ஓட்டை?"

"யாராச்சும் ஒரு அநியாயத்தத் தட்டிக் கேட்டா அம்புட்டு வடியும்ல. ஆளுக்கொரு ஓட்டையப் போட்டா நெறையவே நெறையாதுல்ல."

"நெறையலைன்னா அவரு வாரது தள்ளிப்போகும்டி."

"போகட்டும். அதுவரைக்கும் நாம இருக்கோம்ல."

 மாமு ஒரு சுவரொட்டியை, அதாவது ஆட்டின் மண்ணீரலை, எடுத்து இலையில் வைத்து அவளிடம் நீட்டினார். அவளுக்கு எப்போதும் ரத்தம் குறைவு. ஊருக்கெல்லாம் ரத்தம் எடுக்கிறவளுக்கு ரத்தம் இல்லை என்று நாங்கள் கேலி செய்வோம். ஓர் ஆட்டுக்கு ஒரு சுவரொட்டிதான் இருக்கும். அதைச் சுட்டுத் தின்றால் ரத்தம் ஊறும் என்று பிள்ளைத்தாய்ச்சிகள் வீட்டிலிருந்து ஆள் அனுப்பிக் கேட்பார்கள். மாமு அக்காவுக்கென்று ஒன்றைத் தனிக் கொக்கியில் மாட்டி வைத்துவிடுவார். இதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லாமல் விட்டால் அவர் செய்ததையே நானும் செய்ததாக ஆகும்.

அவர் எப்பேர்ப்பட்ட ஆள் என்று தெரிய இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு ரமலான் மாதம், நடுவில் வந்த வெள்ளிக்கிழமை. அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் வானத்தில் ஒரு பெரிய சத்தம் கேட்கும், அதோடு எல்லாம் தொடங்கிவிடும், கதவு சன்னலை அடைத்துப் போர்வைக்குள் போய்விடுங்கள் என்று செல்போனில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. அதெல்லாம் உறுதியான செய்தி இல்லை என்று பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத்தே சொல்லியிருந்தார். காலை ஏழு மணிக்கு முக்கில் இருந்த டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மாமு மேடையிலிருந்து குதித்து, கல்லாவைக்கூடப் பூட்டாமல், வீட்டுக்குள் ஓடிப்போய் ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டார். தொங்கிக்கொண்டிருந்த முழு ஆட்டில் ஒரு தொடையைத் தெருநாய் இழுத்துக்கொண்டு போனது. ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து கேட்டார்.

"வந்துட்டாரா?"

"வந்துட்டாரு மாமு" என்றாள் அக்கா. "கம்பத்துல ஏறி பீசு போட்டுக்கிட்டு இருக்காரு."

அந்தத் தெரு ஒரு வருசம் இதைச் சொல்லிச் சிரித்தது. எனக்கு இப்போது சிரிப்பு வருவதில்லை. நீதி வருகிற நாளில் போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறவர் அதற்காக அவ்வளவு வருசம் ஏன் காத்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது.

உசிலம்பட்டிச் சந்தையிலிருந்து ஆடு பிடித்து வருவார். அறுப்பதில் அவரைக் குறை சொல்ல முடியாது. கத்தியை ஆட்டின் கண் முன்னால் தீட்ட மாட்டார். தண்ணீர் காட்டாமல் அறுக்க மாட்டார். ஓர் ஆட்டை அறுக்கும்போது இன்னோர் ஆடு அதைப் பார்க்கக் கூடாது என்று மார்க்கத்தில் இருப்பதால், கடைக்குப் பின்னால் சாக்கைத் தைத்து ஒரு திரை கட்டியிருந்தார். விடிவதற்குள் அந்தத் திரைக்குப் பின்னால் எல்லாம் முடிந்துவிடும். ஆறு மணிக்கு ஆடு கொக்கியில் தொங்கும். பார்த்துவிட்ட மிருகத்துக்கு மனசு துடிக்கும் மாப்ள என்பார்.

அக்கா போனது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணிவாக்கில் சாப்பிட வந்தவள், பெரிய ரோட்டிலிருந்து தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாள். தெருவுக்குள்ளிருந்து ஒரு தண்ணி லாரி வெளியே வந்தது. நான் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு வீட்டுச் சமையலறைக்குக் கல் வெட்டிக்கொண்டிருந்தேன். மிஷின் சத்தத்தில் போன் அடித்தது கேட்கவில்லை. பதினொரு முறை அடித்திருக்கிறது.

அன்று சாயங்காலம் அஸருக்குப் பிறகு பள்ளிவாசலில் அவளுக்குக் கடைசித் தொழுகை. எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் மய்யித்தை முன்னால் வைத்து, தொழுகைக்கு முன் ஹஜ்ரத் திரும்பிக் கேட்பார்: இந்த மய்யித்து எப்படிப்பட்டவங்க? நின்றுகொண்டிருக்கிறவர்கள் நல்லவங்க என்பார்கள். அந்தச் சாட்சியை அல்லா ஏற்றுக்கொள்வான் என்று நம்பிக்கை. அன்று ஹஜ்ரத் கேட்டு முடிப்பதற்குள், எல்லோருக்கும் முந்தி, எல்லோரையும்விடச் சத்தமாக ஒரு குரல் வந்தது.

"நல்ல புள்ள. ரொம்ப நல்ல புள்ள."

மாமுதான். தொழுகை முடிந்து வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையைக் கழுத்தில் வைத்தார். "இம்புட்டு வந்துருச்சு மாப்ள. கொஞ்ச நாள்தான்." அவர் அழுதுகொண்டிருந்தார். அந்த அழுகைக்கு நடுவிலும் அந்த வெளிச்சம் இருந்தது.

மறுநாள் போலீஸ் எழுதியதில் அக்கா ராங் சைடில் வந்து, பதறி, நிலைதடுமாறி லாரியில் விழுந்தாள் என்று இருந்தது. டிரைவர் அப்படித்தான் சொன்னானாம். முக்கிலிருந்த கேமரா ஒரு மாதமாக ஓடவில்லை. லாரியின் முதலாளி எங்கள் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். கோடையில் தெருவுக்குச் சும்மா தண்ணீர் விடுகிற தண்ணிக்காரர். அவரை எதிர்த்து எவனும் பேச மாட்டான். பேசவும் ஒன்றுமில்லை, பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஒருவர் இருந்தார். ஆளுயர மேடைமேல் உட்கார்ந்திருந்தார்.

ஏட்டு அவரைக் கேட்டபோது நானும் பக்கத்தில் நின்றேன்.

"நான் பாக்கல சார்" என்றார் மாமு. "பின்னாடி சாக்குக்கு அங்கிட்டு ஆடு அறுத்துக்கிட்டு இருந்தேன்."

ஒன்பது மணிக்கு ஆடு அறுக்கிற கறிக்கடைக்காரன் மதுரையில் எவனும் கிடையாது. ஏட்டுக்கும் அது தெரியும். ஏட்டு எழுதிக்கொண்டார்.

துக்கம் கேட்க வந்த பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். பொட்டப்புள்ளைக்கு எதுக்கு வண்டி. ஆம்பள மாதிரி போனா இப்படித்தான். நீயாச்சும் சொல்லிருக்கணும்ல. அக்கா ஓட்டிப் பழகியபோது பயமில்லாமல் பின்னால் உட்கார்ந்து போனது அம்மாதான். தெருவே வேண்டாம் என்றபோது ஓட்டட்டும் என்று சொன்னதும் அம்மாதான். அந்த நாட்களில் அம்மா என்னிடம் பேசிய பேச்சு ஒன்றே ஒன்று.

"எம்புள்ள சரியாத்தான வந்துச்சு? சொல்லுடா. நாந்தான் கொன்னுட்டனா?"

நான் பார்க்கவில்லை. நான் என்ன சொல்லி அவளைத் தேற்ற முடியும்? பார்த்த வாய் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் லுஹருக்குப் பிறகு கடைக்குப் போனேன். வியாபாரம் முடிந்து, கட்டையில் கல்லுப்பைக் கொட்டித் தேய்த்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். யாரும் இல்லை.

"மாமு, நீங்க பாத்தீங்க."

சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"அம்மா சோறு திங்கல. நீங்க ஸ்டேஷன்லகூடச் சொல்ல வேணாம். எங்கம்மாகிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

கத்தியை வைத்தார். "பாத்தேன்" என்றார். "ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். புள்ள அது பாட்டுக்கு இடது ஓரமா மெதுவா வந்துச்சு. கைகூடக் காட்டுச்சு. அவந்தான் போன்ல பேசிக்கிட்டே முக்க ஒடிச்சு ஏத்திட்டான்."

"வாங்க. இத அம்மாகிட்டச் சொல்லுங்க."

"உங்கம்மாட்ட சொன்னா தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிஞ்சா ஸ்டேஷனுக்குப் போகும். போனா என்னா ஆகும்? லாரி நின்னுருமா? ஒண்ணும் ஆகாது மாப்ள. இதெல்லாம் நம்மளால தீராது. நெறையுது, நெறையட்டும். அவரு வந்து கேப்பாரு. லாரிக்காரன விட மாட்டாரு."

"அவரு வாரப்ப எங்கம்மா இருக்குமா?"

"அநியாயத்தக் கையால தடுக்கணும். முடியலைன்னா நாக்கால. அதுவும் முடியலைன்னா மனசால வெறுக்கணும். நான் மனசால வெறுத்துட்டேன்."

"அது கடைசிப் படி. ஈமான்லயே ரொம்ப பலவீனமான படி. நீங்கதான் சொல்லிருக்கீங்க."

"படிதான மாப்ள" என்றார். "வெளிய நிக்கலேல்ல."

உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். வாழ்நாள் முழுக்க அந்தக் கடைசிப் படியில் விரிப்புப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தவர் அவர். பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். தண்ணிக்காரர் வீட்டு விசேசத்துக்கெல்லாம் அவர் கடையிலிருந்துதான் கறி போகிறது என்று எனக்கும் தெரியும், பயம் என்றால் எனக்குப் புரியும். ஆனால் அவர் தன் பயத்துக்கு மஹ்தி என்று பெயர் வைத்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஆடு பார்க்கக் கூடாது என்று கட்டிய சாக்கை எடுத்துத் தன் முகத்துக்கு நேராகக் கட்டிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் ஹஜ்ரத், சாட்சியை மறைக்கிறவனின் இதயம் பாவம் செய்த இதயம் என்று பேசினார். யாரையும் மனதில் வைத்துப் பேசினாரா என்று தெரியாது. முதல் வரிசையில் மாமு உட்கார்ந்து தேம்பினார். வெளியே வந்து, "என்னா பயான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் பாராட்டினார்.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு அவர் வரவில்லை. இலையில் மடித்து ஒரு சுவரொட்டியைக் கொடுத்தனுப்பினார். அவர் கடையில் சொன்னதை நான் அன்றே அம்மாவிடம் சொல்லியிருந்தேன், அவள் மனசு ஆறவில்லை. அம்மா பிரித்துப் பார்த்தாள். திரும்ப மடித்தாள்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. இந்த வீட்டுல இனி ரத்தம் ஊற ஆளில்லன்னு சொல்லு."

கொண்டுபோய்க் கொடுத்தேன். சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல் வாங்கி, அந்தத் தனிக் கொக்கியில் மாட்டினார். பக்கத்தில் நின்ற ஒருவர் அதைக் கேட்டார். "அதுக்கு ஆளிருக்கு" என்றார் மாமு. அதற்குப் பிறகும் தினம் ஒரு சுவரொட்டி அங்கே தனியாகத் தொங்கியதாகத் தெருவில் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. தொங்கட்டும். அதனால் போலீஸ் எழுதிய எழுத்து மாறிவிடுமா?

ஏழு மாதம் கழித்து, விடியற்காலை சுபுஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்த மாமு அப்படியே சாய்ந்துவிட்டார். என்னா நல்ல மவுத்து என்று தெருவே பேசியது. படுக்கையில் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமில்லை, ஒளுவோடு போனார். சாவிலும் அவர் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் பள்ளிவாசலுக்குக் கிளம்பும்போது அம்மா வாசலில் நின்றாள்.

"போறியா?"

"போறேன். ஹஜ்ரத் கேப்பாருல்ல, எப்படிப்பட்டவருன்னு. அப்ப சொல்லப்போறேன்."

அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.  ஏழு மாதத்தில் அவள் முகத்தில் அன்றுதான் ஏதோ அசைந்தது.

இருநூறு பேர் இருப்பார்கள். தண்ணிக்காரர் முதல் வரிசையில் நின்றார். நான் மூன்றாவது வரிசை. ஹஜ்ரத் திரும்பிக் கேட்டார்.

"இந்த மய்யித்து எப்படிப்பட்டவங்க?"

"நல்லவரு" என்று முதலில் சொன்னது தண்ணிக்காரர். பின்னால் எல்லோரும் சொன்னார்கள். நல்லவரு, நல்ல மனுசரு. சத்தம் அடங்கியது. ஹஜ்ரத் முன்னால் திரும்பப் போனார். அந்த இடைவெளியில் என் குரல் எனக்கே கேட்டது.

"நான் பாக்கல."

பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்தார். மாமுவின் மகன் தலையைக் குனிந்துகொண்டான். தண்ணிக்காரர் திரும்பவில்லை. ஹஜ்ரத் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தொழுகையைத் தொடங்கித் தக்பீர் கட்டினார். அடக்கம் செய்கிற மையவாடிவரை நானும் சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். கனமான மனுசர். எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி இருந்தது. அவர் வார்த்தையை அவருக்கே போட்டேன் என்று நினைத்தேன்.

அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் என்னா சொன்னாங்க?"

"நல்லவருன்னாங்க."

"நீ?"

"நான் பாக்கலன்னு சொன்னேன். அவரு ஏட்டுகிட்டச் சொன்ன அதே சொல்லு."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அவரு உங்கிட்டச் சொன்னாருல்ல. புள்ள ஓரமாத்தான் வந்துச்சுன்னு."

"ஆமா."

"இருநூறு பேரு. லாரி மொதலாளி நின்னிருப்பான். அம்புட்டுப் பேருக்கு முன்னாடி எம்புள்ள சரியா வந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். அத விட்டுட்டு, அவரு சொன்ன பொய்ய நீயும் ஒருக்காச் சொல்லிட்டு வந்திருக்க."

 அவள் எழுந்து உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போனேன். அதே ஏட்டு.

"செத்துப்போன ஆளு சொன்னத இப்ப வந்து சொல்றியேப்பா. இதுக்கு யாரு கையெழுத்துப் போடுவா?"

"நான் போடுறேன்."

"ஒண்ணும் ஆகாதுப்பா."

"தெரியும் சார். பேப்பர் குடுங்க."

ஏட்டு ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். எட்டாவதோடு எழுதுவதை விட்டவன் நான். வரி கோணியது. திரும்பி வரும்போது கறிக்கடை திறக்கவில்லை. மேடைமேல் ஏறி அந்தக் கட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். முக்கு முழுக்கத் தெரிகிறது. எதுவும் மறைக்கவில்லை. ஒரு வண்டி இடது பக்கம் வருகிறதா வலது பக்கம் வருகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டால்தான் தெரியாமல் போகும்.

தாளில் எழுதியதையே இங்கேயும் எழுதிவிடுகிறேன். என் அக்கா இடது ஓரமாக, மெதுவாக வந்தாள். திரும்புவதற்குக் கை காட்டினாள். தண்ணி லாரி டிரைவர் போன் பேசிக்கொண்டே முக்கை ஒடித்து ஏற்றினான். கறிக்கடைக்காரர் தன் ரெண்டு கண்ணால் பார்த்தார். பார்த்ததை என்னிடம் தன் வாயால் சொன்னார். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். என் அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை.

அம்மாவுக்கு இதைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

இதைச் சொன்னதால் கழுத்துவரை வந்தது ஒரு விரற்கடை இறங்கி, மாமு சொன்ன அந்தக் காலம் தள்ளிப்போகும் என்றால், போகட்டும்.